எகிப்து பாலைவனத்தில் தமிழ் எழுத்து... கொடுமணல் முதல் கெய்ரோ வரை செல்போனில் போட்டோ எடுப்பது எப்படி?

எகிப்துனு சொன்னதும் பிரமிடும் மம்மியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த நாட்டின் செங்கடல் கரைப் பாலைவனத்தில் நம்ம வீட்டு வார்த்தை ஒன்றும் கிடைத்திருக்கிறது. அது, 'பானை ஒறி'.

எகிப்துக்கு டூர் போறவங்களும் சரி, ஞாயிற்றுக்கிழமை கொடுமணல் பக்கம் பைக்கில் போறவங்களும் சரி, முதலில் எடுப்பது செல்போனைத்தான். பாலைவனத்தையும் பழம்பொருளையும் சரியாகப் படம் எடுப்பது எப்படி? எங்கே எடுக்கக் கூடாது?

எகிப்தில் கிடைத்தது என்ன?

செங்கடல் கரையில் உள்ள பழைய துறைமுகம் குசேர் அல் காதிம். அங்கே கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று கீறப்பட்டிருந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார். அதன் வயது சுமார் 2,000 ஆண்டுகள். மோர்ப்பானையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோமே, அந்த உறிதான் இந்த 'ஒறி'!

அதே ஊரில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் உள்ள ஓடுகளும், தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 'கொறபூமான்' என்ற பெயர் உள்ள ஓடும் கிடைத்தன. பெரெனிகேவில் இந்தியப் பானை ஒன்றில் 7.5 கிலோ அளவுக்கு மிளகும் இருந்தது.

கொங்கு நாட்டுக்கு என்ன தொடர்பு?

ஈரோடு மாவட்டம் சென்னிமலை அருகே, நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்துள்ள நூற்றுக்கணக்கான ஓடுகள் வெளிவந்தன. மணிக்கான பெரில் கல் காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்தது. ரோமானியர்கள் விரும்பி வாங்கிய கல் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சரக்கு போனது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்ததும் இந்த வணிகத்துக்குச் சாட்சி.

போட்டோவுக்கு முக்கியம் எது?

சாய்வான வெளிச்சம். ஓட்டில் உள்ள எழுத்து மையால் எழுதியது இல்லை, கீறியது. நேராக வெளிச்சம் அடித்தால் கீறல் மறைந்துவிடும். பக்கத்தில் இருந்து சாய்வாக விழுந்தால், கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மணல்மேடும் அப்படித்தான். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் மணல், சூரியன் தாழ்ந்ததும் அலை அலையாகத் தெரியும்.

பாலைவனத்தில் எடுக்கும்போது...

* சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். இதுதான் சரியான நேரம்.

* வெளிர் மணல் நிறைய இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். திரையில் மணலைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

* தூரத்தில் ஓர் ஆளோ ஒட்டகமோ இருக்கட்டும். அப்போதுதான் மணல்மேட்டின் உயரம் புரியும்.

* லென்ஸில் மணல் ஒட்டினால் துணியால் தேய்க்காதீங்க, கீறல் விழும். முதலில் ஊதித் தள்ளுங்கள்.

* எகிப்துக்கு டிரோன் கொண்டு போகாதீங்க. அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே சிக்கல்.

பழகிப் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரிக்காடு போதும். அங்கே போனில் ஆட்டோ செட்டிங் மண்ணின் சிவப்பைக் குறைத்துக் காட்டினால், 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியில் 'டேலைட்' தேர்வு செய்யுங்கள்.

மியூசியத்தில் எடுக்கும்போது...

* ஃபிளாஷை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பாப்பிரஸ், துணி, பழைய வண்ணம் எல்லாம் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கும். மங்கியது திரும்ப வராது. கல் சிற்பத்துக்கு ஆபத்து குறைவு என்றாலும், ஃபிளாஷ் நேராக அடிப்பதால் செதுக்கல் தெரியாமல் போகும்.

* கண்ணாடிப் பெட்டியில் உங்கள் உருவமே தெரிகிறதா? கண்ணாடியைத் தொடாமல் போனை நெருக்கமாகக் கொண்டு போய், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். அடர் நிறச் சட்டை போட்டுப் போனால் பிரதிபலிப்பு குறையும்.

* விளக்கை நகர்த்த முடியாது, நாம நகரலாம். கீறலில் நிழல் தெரியும் இடம் வரும் வரை பெட்டியைச் சுற்றி வாருங்கள்.

* பொருளை எடுத்ததும் அடுத்த படமாக அதன் விவரப் பலகையை எடுங்கள். ஊருக்கு வந்த பிறகு எது என்ன என்று குழப்பம் வராது.

எங்கே எடுக்கக் கூடாது?

கெய்ரோவில் உள்ள எகிப்திய நாகரிக தேசிய அருங்காட்சியகத்துக்கு 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. அந்த மம்மிகள் இருக்கும் கூடத்தில் படம் எடுக்கத் தடை. அவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மனிதர்களின் உடல்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எகிப்து வரை போக முடியாதவர்கள் ஐதராபாத்தில் உள்ள தெலங்கானா மாநில அருங்காட்சியகத்திலும், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலும் மம்மியைப் பார்க்கலாம். எங்கே போனாலும் கேமராவுக்கு அனுமதி உண்டா, கட்டணம் உண்டா என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

கொடுமணலில் ஓடு கண்ணில் பட்டால்?

எடுக்காதீங்க! இதுதான் ரொம்ப முக்கியம். ஓடு எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். கையில் எடுத்து செல்ஃபி எடுத்துவிட்டுப் பக்கத்து வயலில் போட்டால், ஓடு மிஞ்சும், அது சொல்லும் கதை போய்விடும்.

கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்து நெருக்கமாக ஒரு படம், சுற்றியுள்ள இடம் தெரிய ஒரு படம் எடுங்கள். லொக்கேஷனைக் குறித்து, தொல்லியல் துறைக்கோ தாசில்தார் அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். அந்த லொக்கேஷனை ரீல்ஸில் மட்டும் போட்டுவிடாதீங்க. பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.