ஹலோ வேர்ல்டு சொல்லும் பொய்

சி படிச்சவங்க பெரும்பாலும் முதல்ல எழுதுற புரோகிராம் ஹலோ வேர்ல்டு. பெல் லேப்ஸில் பிரையன் கெர்னிகன் 1974-ல் எழுதின சி பாடக்குறிப்பிலேயே அது வந்துடுச்சு. 1978-ல் டென்னிஸ் ரிட்சியோட சேர்ந்து அவர் எழுதின புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு.

அந்தச் சின்ன புரோகிராம்ல ஒரு ஓட்டை இருக்கு. லினக்ஸில் 'டெவ் ஃபுல்'னு ஒரு போலி ஃபைல் உண்டு. எதை எழுதினாலும் 'இடமில்லை'ன்னு மறுக்கிறதுதான் அதோட வேலை. ஹலோ வேர்ல்டோட அவுட்புட்டை அங்கே திருப்பி விட்டுப் பாருங்க. ஒரு எழுத்துகூடப் போய்ச் சேராது. ஆனா புரோகிராம் 0-ன்னு சொல்லிட்டு முடியும். 0-ன்னா, 'எல்லாம் சரி'.

ஏன் இப்படி? அந்தக் காலத்து பெல் லேப்ஸில் அவுட்புட் டெலிடைப்பில் காகிதத்துல அச்சாகும். வரலைன்னா எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கே தெரிஞ்சிடும். யூனிக்ஸ் வந்ததும், ஒரே ஒரு குறியீட்டில் அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்ப முடிஞ்சுது. அங்கே பார்க்க ஆள் கிடையாது.

பிரிண்ட்எஃப் தோத்தா மைனஸ் எண் தரும். அதைப் பார்த்தா போதாதா? போதாது. ஃபைலுக்குப் போகிற எழுத்துகள் முதல்ல பஃபர்ல தங்கும். டிஸ்க் நிறைஞ்சிருக்குங்கிற விஷயம் பஃபரைக் காலி பண்ணும்போதுதான் தெரியும். ஹலோ வேர்ல்டில் அது நடக்கிறது மெயின் முடிஞ்ச பிறகு. அப்போ கேட்க யாரும் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. 1978 புத்தகத்து ஹலோ வேர்ல்டில் ரிட்டர்ன் வரியே இல்லை. முடியும்போது எந்த எண் போகும்னு உத்தரவாதம் கிடையாது. 1999-ல் வந்த சி தர விதி, ரிட்டர்ன் இல்லாம மெயின் முடிஞ்சா அதை 0-ன்னு எடுத்துக்கச் சொன்னது. அதாவது, எதையும் சோதிக்காத மௌனமே சட்டப்படி 'வெற்றி' ஆயிடுச்சு!

இதனால என்ன ஆகும்? உங்க பேக்கப் புரோகிராம் பாதி ஃபைலை எழுதிட்டு 0-ன்னு சொல்லுது. அதை நம்பி அடுத்த ஸ்கிரிப்ட் பழைய பேக்கப்பை அழிச்சிடுது. ரெண்டும் போச்சு.

குனு கோர்யூட்டில்ஸ்காரங்க இதுக்கு வழி செஞ்சாங்க. அவங்க எல்எஸ் கட்டளையை 'டெவ் ஃபுல்'லுக்குத் திருப்பினா, எழுத முடியலைன்னு சண்டைக்கு வரும். ரகசியம் எளிது: முடியிறதுக்கு முன்னாடி அவுட்புட்டைத் தானே மூடி, மூடுறதும் எழுதினதும் சரியா நடந்துச்சான்னு கேட்கும். எஃப்குளோஸ், எஃப்எரர், அவ்வளவுதான்.

அடுத்த முறை எழுதும்போது அந்த ரெண்டு வரியையும் சேர்த்துக்கோங்க.