கஞ்சா: யாழ்ப்பாணக் குடாநாட்டில்

கஞ்சா (கனாபிஸ் சட்டைவா) ஆண், பெண் எனத் தனித்தனிச் செடிகளாக வளரும் ஓராண்டுச் செடி. பெண்செடியின் பூங்கொத்தில் சுரக்கும் பிசினில் டெட்ராஹைட்ரோகன்னாபினோல் என்ற போதைப்பொருள் மிகுந்திருக்கும். 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரபேல் மெக்கூலமும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டறிந்தனர். குடாநாட்டில் இச்செடி தோட்டப்பயிராகக் காலூன்றவில்லை. சித்த மருத்துவத்தின் மூலப்பொருளாகவும், வளவு மூலையில் ஒளித்து வளர்க்கும் ஒன்றிரண்டு செடியாகவும், பாக்கு நீரிணை கடந்து வரும் பொதியாகவுமே அது இங்கே அறியப்படுகிறது. இவற்றுள் அளவிலும் விளைவிலும் பெரியது கடைசியாகச் சொன்னது.

நிலம், ஒளி, மின்சாரம்

இலங்கையில் கஞ்சா பயிராகும் இடங்கள் தெற்கிலும் தென்கிழக்கிலும் உள்ளன. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் உலர்காடுகளுக்குள், குறிப்பாகத் தணமல்வில, வெல்லவாய சுற்றாடலில், சேனை வெட்டுவதுபோல் காட்டைத் திறந்து நடுகிறார்கள். குடாநாட்டில் அத்தகைய மறைவிடம் கிடையாது. ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சுண்ணாம்புக்கல் தரை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி யாழ். மாவட்டத்தின் மக்கள்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கும் மேல். வேலியோடு வேலி முட்டும் ஊர்களில், ஒரு வளவில் பழக்கமில்லாத செடி தலைகாட்டினால் மத்தியானத்துக்குள் பக்கத்து வளவுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்தவர் கைது என்று நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய ஒன்றிரண்டு செடிகளைப் பற்றியவை.

சிறு நிலத்தில் செறிவாக விளைவிக்கும் கலை யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதன்று. சில பரப்புத் தோட்டத்தில் கிணற்று நீர் இறைத்து, செம்மண்ணைக் கிளறி, ஆட்டெருவும் குழையும் இட்டு அவர்கள் வளர்த்து விற்ற இலை புகையிலை. பொச்சுமட்டைப் புகையில் பதமாக்கிய அந்த இலை ஒல்லாந்தர் காலம்தொட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. பல கல்வீடுகளும் படிப்புகளும் அந்தக் காசில் எழுந்தவை. சட்டப்படி விற்கக்கூடிய ஒரு போதை இலையே கைநிறையப் பணம் தந்த மண்ணில், ஒளித்து விளைவிக்கும் இன்னொன்றுக்குத் தேவை எழவில்லை என்று கொள்ளலாம்.

வெளியே மறைவிடம் இல்லாவிட்டால் அறைக்குள் வளர்க்கலாமே என்று தோன்றலாம். அறைக்குள் விளக்கொளியில் கஞ்சா வளர்க்கும் முறை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவெடுத்தது. அங்கே நீண்ட குளிர்காலம் ஒரு காரணம், வானிலிருந்தும் தெருவிலிருந்தும் தேடும் பொலிஸ் மறு காரணம். கஞ்சா, இரவு நீளும்போது பூக்கும் செடி. குளிர்நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையே பல மணிநேர வேறுபாடு உண்டு. அறைக்குள் அந்த மாற்றத்தை விளக்கால் போலச் செய்கிறார்கள். யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருப்பதால் ஜூனில் பகல் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் 11 மணி 30 நிமிடம் என்ற அளவிலேயே நிற்கிறது. வெயிலுக்கோ இங்கே பஞ்சமே இல்லை.

செலவுக் கணக்கும் கவனத்துக்குரியது. அமெரிக்க ஆய்வாளர் இவான் மில்ஸ் 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு, அந்நாட்டு மின்நுகர்வில் சுமார் 1 வீதம் அறைக்குள் கஞ்சா வளர்க்கவே போகிறது என்றது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கணித்தபடி, உலர்ந்த பூ ஒரு கிலோவை இப்படி விளைவிக்க, இடத்துக்கு ஏற்ப, 2,283 முதல் 5,184 கிலோகிராம் வரை கரியமில வாயுவுக்குச் சமமான மாசு வெளியேறுகிறது. இதில் பெரும்பங்கு அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் இயந்திரங்களுடையது. உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள ஊரில், 2022-இல் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டுக் கண்ட நாட்டில், சூரியனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி விளக்கேற்றி ஒரு செடி வளர்ப்பதைச் சிக்கனம் என்று சொல்வதற்கில்லை.

மருந்தும் சட்டமும்

சித்த மருத்துவத்தில் இச்செடிக்குக் கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்கள் உண்டு. அதைப் பச்சையாகச் சேர்ப்பதில்லை. சுத்தி செய்த பிறகே லேகியங்களில் அளவோடு சேர்ப்பர். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களைத் தந்த ஆரியச்சக்கரவர்த்தி மன்னர்களின் நாடு இது. அந்த மரபின் தொடர்ச்சியாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு கைதடியில் நடைபெறுகிறது. 1961-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யூனானி ஆகியவற்றையும் ஆயுள்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கி, பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்து தயாரிப்புக்காகக் கஞ்சா பெற வழிசெய்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை போய்ச்சேர்ந்திருக்கும் மாவா பாக்குக்கும் இந்த மரபுக்கும் தொடர்பில்லை. பாக்கு, புகையிலை, சுண்ணாம்போடு சிலவேளை கஞ்சாவும் கலக்கும் அந்தச் சரக்கை மூலிகை என்று விற்பது ஏமாற்று.

வைத்தியருக்கான அந்த வழியைத் தவிர மற்றையோருக்கு 1929-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமே அளவுகோல். உரிமம் இன்றிக் கஞ்சாச் செடியை நடுவதும் வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம். செடி தோட்டத்தில் நின்றாலும் சாடியில் நின்றாலும் குளியலறைக்குள் நின்றாலும் சட்டத்துக்கு ஒன்றே. 1984-இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அதே ஆண்டில் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 2022 நவம்பரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. 2025-இல் மீரிகமவில் முதலீட்டுச் சபையின் மேற்பார்வையில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இடம் ஒதுக்கும் செய்தி வந்தது. இந்த அறிவிப்புகளைக் கேட்டு 'இனிக் கஞ்சா சட்டபூர்வமாம்' என்று சந்தியில் பேசுவோர் உண்டு. அந்தத் திட்டங்கள் ஏற்றுமதிக்கானவை. ஊரில் ஒருவர் ஒரு செடி நட அவை உரிமை தரவில்லை.

கடல்வழி

வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். போர் முடிந்து கடல் திறந்தபின் இந்த நீரிணைவழியே கஞ்சாப் பொதிகள் பெருமளவில் வரத் தொடங்கின. ஊரில் கேரளா கஞ்சா என்று பெயர் பெற்றிருந்தாலும், சரக்கின் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து படகேறுகிறது. வடமராட்சி கிழக்கு, மாதகல், நெடுந்தீவு, மன்னார்க் கரைகளில் கடற்படையும் பொலிஸ் விசேட அதிரடிப்படையும் அடிக்கடி பொதிகளைக் கைப்பற்றுகின்றன. பீடி இலையும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மஞ்சளும் வந்த வழியும் இதுவே.

பிடிபடுவோரில் பெரும்பாலோர் படகோட்டிகள், சுமப்பவர்கள், அல்லது கடனில் மூழ்கிய மீனவர்கள். பணம் போட்டவர் நீதிமன்றப் படியேறுவது அரிது. இந்தியப் பக்கத்தில் அகப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்: 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ, அதற்கு மேற்பட்டால் குறைந்தது 10 ஆண்டுக் கடூழியச் சிறை.

உலகின் போக்கு வேறு திசையில் நகர்ந்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. கனடா 2018 ஒக்டோபரில் அனுமதி கொடுத்து, பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடிகள் வளர்க்க இடம் தந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வளர்ந்த ஒருவருக்கு மூன்று செடிகளை அனுமதிக்கிறது. ஸ்காபரோவிலிருந்தோ பேர்லினிலிருந்தோ விடுமுறைக்கு ஊர் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கியதானாலும், கட்டுநாயக்காவில் இறங்கும்போது பையில் இருந்தால் அது தண்டனைக்குரிய குற்றம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அதிலிருந்து விலக்குத் தராது.