பார்வையைப் பறித்த இமைச்சாயம்

1933-ம் ஆண்டு. அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்றொரு இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. தலைமுடிச் சாயத்தில் போடும் பாராஃபினைலீன்டையமீன்தான் இதிலும்! பூசிக்கொண்ட பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணானது. ஒருவருக்குப் பார்வையே போனது. அரசோ கையைப் பிசைந்தது. 1906-ம் ஆண்டுச் சட்டத்தில் உணவும் மருந்தும் உண்டு, அழகுசாதனம் சேர்த்தியே இல்லை.

எஃப்.டி.ஏ. அதிகாரிகள் அந்தப் பெண்ணின் படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். அதற்குப் பெயரே 'பயங்கர அறை' என்றாகிவிட்டது. ஐந்து வருட இழுபறிக்குப் பின் 1938-ல் ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். உடனே பறிமுதலான சரக்குகளில் லாஷ் லூரும் ஒன்று.

ஆனால் அதுவும் ஆபத்தான சரக்கு என்று அரசு நிரூபித்தால்தான் பிடிக்கிற சட்டம். பாதுகாப்பானது என்பதற்குத் தயாரிப்பாளரே ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது 2022-ல்... 84 வருடம் கழித்து!