விட்டவன் விழுக்காடு: திருமலைச் சாசனங்களில் ஏரியும் அமுதுபடியும்

திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யும்படி எம்பெருமானாரால் நியமிக்கப்பெற்ற அனந்தாழ்வான், நந்தவனத்திற்கு நீர் வேண்டித் தம் தேவிகளோடு தாமே மண் சுமந்து ஏரி வெட்டிய வரலாறு ஸம்ப்ரதாயத்தில் ப்ரஸித்தம். அவருடைய கடப்பாரையை மஹாத்வாரத்தில் இன்றும் காணலாம். மலரைச் சமர்ப்பிப்பதற்கு முன் நீருக்கு வழி செய்வதும் கைங்கர்யத்தின் அங்கமே என்பது அவர் அனுஷ்டானத்தால் காட்டிய பொருள். சில நூற்றாண்டுகளுக்குப் பின், இதுவே திருமலைக் கோயிலின் நிதி நிர்வாக முறையாகவும் விரிந்தது.

தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்ட திருமலை திருப்பதிச் சாசனங்களில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. முற்காலத்தவை நிலமும் பொன்னும் விளக்கும் அளித்ததைச் சொல்லும். விஜயநகர காலத்தில், சிறப்பாக 15, 16ஆம் நூற்றாண்டுகளில், வேறொரு முறை மேலோங்குகிறது. உபயக்காரர் ஒருவர் இத்தனை நற்பணம் என்று ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். ஸ்தானத்தார் அதை வட்டிக்கு விடாமல், திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரி கால்வாய் வெட்டவும் திருத்தவும் இடுவர். அதனால் கூடுதலாக விளையும் முதலிலிருந்து, உபயக்காரர் குறித்த நாளில் குறித்த தளிகை பெருமாளுக்கு அமுது செய்தருளப்பெறும். அரிசி, நெய், பயறு, மிளகு, சந்தனம் என்று அளவுகள் நுணுக்கமாகக் குறிக்கப்பெற்றன. அமுது செய்த ப்ரஸாதத்தில் நாலில் ஒன்று உபயக்காரருக்கு உரியது. இதுவே விட்டவன் விழுக்காடு. பணம் ஒருவருடையது, நிர்வாகம் ஸ்தானத்தாருடையது, நிலம் பெருமாளுடையது. நான்காவதாக உழைப்பைத் தந்த குடியானவனின் பெயரைச் சாசனங்களில் காண்பது அரிது. ஆயினும் கால்வாய் வறண்டால் தளிகையும் நின்றுபோகும் என்ற ஏற்பாட்டில், அவன் வயலைப் புறக்கணிக்க எவராலும் இயலாது.

அமெரிக்க ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறையைக் கோயிலின் பொருளாதாரச் செயற்பாடாக விளக்கினார். அவர் கணக்குக் கண்டது சரியே. ஆனால் அதை முதலீடு என்றும் விழுக்காட்டை ஆதாயம் என்றும் மட்டும் கொள்வது குறைப் பார்வையாகும். ஆதாயமென்றால் உபயக்காரர் அதைத் தாமே அநுபவித்திருக்க வேண்டும். 1456ஐ ஒட்டிச் சந்திரகிரியில் ஆளத் தொடங்கிய சாளுவ நரஸிம்மர் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுஜகூடங்களை நிறுவி, கந்தாடை இராமாநுஜ ஐயங்காரை அவற்றுக்குக் கர்த்தராக்கினார். தம் உபயங்களின் நாலில் ஒரு பங்கை அக்கூடங்களில் யாத்ரிகரான ஸ்ரீவைஷ்ணவர்கள் அமுது செய்யும்படி விட்டார். கந்தாடை ஐயங்காரின் சிஷ்யர்களான சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களும் கோயில் ப்ரஸாதத்திலும் மரியாதைகளிலும் இடம் பெற்றனர். ஓர் அரசனின் பணம் கால்வாயாகி, நெல்லாகி, தளிகையாகி, முடிவில் வழிநடந்து வந்தவரின் இலையில் விழுந்தது. விழுக்காடு விற்கப்பட்டதும் கைமாறியதும் உண்டு. அதை மறைப்பது சரித்திரத்திற்கு நியாயமாகாது.

தாள்ளபாக்கத்தார் கதை இன்னும் சுவையானது. அன்னமாசார்யர் (1408–1503) ஸாதித்த தெலுங்கு ஸங்கீர்த்தனங்களை அவர் குமாரர் பெத்த திருமலாசார்யர் செப்பேடுகளில் பொறிப்பித்தார். அவை ஸந்நிதிப் ப்ராகாரத்திலுள்ள ஸங்கீர்த்தன பண்டாரத்தில் சேமிக்கப்பெற்றன. அதே ஆசார்யர் பணமாகவும் கிராமங்களாகவும் செய்த உபயங்கள் சாசனங்களில் பலவாக உள்ளன. பாட்டைக் காத்த கையும் தளிகைக்கு விளைநிலம் தேடிய கையும் ஒன்றே. செப்பேடுகள் 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தன. ஓலையில் மட்டும் எழுதியிருந்தால் எத்தனை எஞ்சியிருக்கும்?

1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் உபயங்கள் அருகின. பிற்காலத்தில் கோயில் வருவாய் ஆர்க்காட்டு நவாபுக்கும், 1801 முதல் கும்பினிக்கும் கணக்கானது. 1843இல் நிர்வாகம் ஹாதிராம்ஜீ மடத்து மஹந்துகளிடம் ஒப்படைக்கப்பெற்றது. சந்திராதித்தர் உள்ளவரை என்று எழுதிய உபயங்களின் வாசகம், திருநின்றவூருடையான் என்ற கோயிற் கணக்கரின் கையெழுத்தோடு, ப்ராகாரச் சுவர்களில் நிற்கிறது.