இருளைக் காத்த நகரம்

இருளை அகற்றுவதே நாகரிகத்தின் தலையாய பணி என மனிதகுலம் நெடுங்காலம் கருதி வந்துள்ளது. தீப்பந்தமும், எண்ணெய் விளக்கும், வாயு விளக்கும், மின்விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி இரவை வென்றன. அவ்வெற்றியைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயினும் அது தன் எல்லையைக் கடந்தபோது, உழவனுக்குப் பருவத்தையும் மாலுமிக்குத் திசையையும் உணர்த்தி நின்ற விண்மீன்கள் நகரங்களின் வானிலிருந்து மெல்ல மெல்ல மறையலாயின. 2016ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் செயற்கையொளியின் பரவலைக் காட்டும் உலகப் படமொன்றை வெளியிட்டனர். உலக மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் விளக்கொளி கலந்த வானின் கீழ் வாழ்கின்றனர் என்பதும், மூவருள் ஒருவருக்குத் தாம் வாழுமிடத்தில் பால்வீதி தென்படுவதேயில்லை என்பதும் அதனாற் புலனாயின.

இந்த இழப்பு உலகின் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே அதனை உணர்ந்து, தன் வானைத் தானே காத்துக்கொண்ட சிறு நகரம் ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், ஊசியிலைக் காடுகளின் நடுவே அமைந்த பிளாக்ஸ்டாஃப் என்பதே அந்நகரம். ஒரு நகரத்தார் தம் வானைக் காத்தல் எவ்வாறு இயலும் என்பதற்கு அதன் வரலாறு சிறந்த சான்றாகும்.

1894ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரத்துச் செல்வரான பேர்சிவல் லோவெல் என்பார், செவ்வாய்க் கிரகத்தை ஆராய்வதற்கு ஏற்றதோர் இடத்தைத் தேடினார். அவர் அனுப்பிய அன்றூ டக்ளஸ் என்னும் வானியலாளர் அரிசோனாவின் பல ஊர்களிலே தொலைநோக்கியை நிறுத்தி, வானின் தெளிவை இரவுதோறும் சோதித்தார். அக்காலத்தில் மரத்தொழிலையும் இருப்புப் பாதையையும் நம்பியிருந்த சிற்றூரான பிளாக்ஸ்டாஃப் இத்தேர்விலே முந்திக்கொண்டது. ஊரவர் நிலத்தை இலவசமாக அளிக்கவும், குன்றின்மீது வீதியமைத்துக் கொடுக்கவும் முன்வந்தனர். அவ்வாறு எழுந்ததே லோவெல் வானாய்வு நிலையம். வானுக்காக ஊரவர் செய்த முதற் கொடை அதுவாகும்.

செவ்வாயிலே அறிவுடை உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் உள்ளன என்னும் லோவெலின் கொள்கை பிற்காலத்தில் பொய்த்துப்போயிற்று. ஆனால் அவர் தெரிந்தெடுத்த வானின் தெளிவு பொய்க்கவில்லை. 1912ஆம் ஆண்டு முதல் வெஸ்ரோ சிலைபர் என்பார் அங்கே தொலைவான நெபுலங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை பூமியை விட்டு விலகிப் பெருவேகத்தில் ஓடுகின்றன என்று கண்டார். பிரபஞ்சம் விரிவடைகின்றது என்னும் கருத்துக்கு அடிகோலிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஒரு நிறமாலையைப் பதிவு செய்வதற்கே பல மணி நேரம், சில வேளைகளிற் பல இரவுகள், அந்த மங்கலான ஒளியைத் திரட்ட வேண்டியிருந்தது. வானம் ஒளியூட்டப்பட்டிருப்பின் அம்முயற்சி கைகூடியிராது.

1929ஆம் ஆண்டில், கன்சாஸ் மாநிலத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்த கிளைட் டொம்போ என்னும் இளைஞர் அந்நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி அப்பொழுது அவருக்குக் கிட்டியிருக்கவில்லை. தாமே செய்த தொலைநோக்கியாற் கண்டு வரைந்த கிரகங்களின் படங்களே அவருக்கு அவ்வேலையைப் பெற்றுத் தந்தன. 13 அங்குலத் தொலைநோக்கியால் வானின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் படத்தகடுகளிற் பதிவு செய்வதும், சில நாள் இடைவெளியில் எடுத்த இரு தகடுகளை மாறி மாறி நோக்கி, இடம்பெயர்ந்த புள்ளியேதும் உண்டோ எனத் தேடுவதும் அவர்தம் பணியாயின. 1930ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி அத்தகைய புள்ளியொன்று அவர் கண்ணிற் பட்டது. அதுவே புளூட்டோ. 2006ஆம் ஆண்டில் அது குறுங்கோள் என மறுவகை செய்யப்பட்டபோதும், அக்கண்டுபிடிப்பின் பெருமை குன்றவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீனைக் காட்டிலும் சில ஆயிரம் மடங்கு மங்கிய அப்புள்ளியைத் தகட்டிலே பதியவிட்டது, கருவியின் திறன் மட்டுமன்று. பிளாக்ஸ்டாஃப் நகரின் இருளுமாகும்.

இருளின் மதிப்பை அறியவேண்டின், அதே காலத்தில் அண்டை மாநிலமான கலிபோர்ணியாவில் நிகழ்ந்ததையும் நோக்கல் வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மேலே உயர்ந்து நிற்கும் வில்சன் மலையில், 1904ஆம் ஆண்டில் ஜோர்ஜ் எலரி ஹேல் என்பார் வானாய்வு நிலையமொன்றை நிறுவினார். 1917ஆம் ஆண்டில் அங்கே தொழிற்படத் தொடங்கிய 100 அங்குலத் தொலைநோக்கி, அக்கால உலகிலே மிகப் பெரியது. 1923ஆம் ஆண்டில் எட்வின் ஹபிள் அதன் உதவியால் அந்திரோமேடா நெபுலத்தில் ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டு, அந்நெபுலம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் கூட்டம் என நிறுவினார்.

மலை அவ்வாறே நின்றது. அதன் அடிவாரம் அவ்வாறு நிற்கவில்லை. 1900ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஓரிலட்சம் மக்களைக் கொண்டிருந்த லொஸ் ஏஞ்சலிஸ், 1930ஆம் ஆண்டளவிலே பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாநகரமாயிற்று. அதன் விளக்கொளி மலையுச்சி வானை ஆண்டுதோறும் வெளிறச் செய்தது. உலகின் மிகப் பெரிய கண் மெல்ல மெல்ல மங்கலாயிற்று.

அக்கண்ணுக்குச் சில காலம் ஒளி மீண்டது ஒரு பெரும்போரினாலே என்பது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் தாக்குதலை அஞ்சி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகள் மறைக்கப்பட்டன. ஜேர்மனியிற் பிறந்தவராதலாற் போர்ப்பணிக்கு அழைக்கப்படாத வால்டர் பாடே என்னும் வானியலாளர் அந்த இருண்ட இரவுகளைப் பயன்படுத்திக்கொண்டார். அந்திரோமேடாவின் நடுப்பகுதியில் அதுவரை வெறும் ஒளிப்புகையாகத் தோன்றியதைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் கண்டார். விண்மீன்கள் இருவேறு குடிகளாகப் பகுக்கத்தக்கன என்னும் அவருடைய முடிவு 1944ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் வழியே சென்ற ஆராய்ச்சியினால், 1952ஆம் ஆண்டில், விண்மீன் கூட்டங்களின் தூரங்கள் முன்னர் எண்ணியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எனத் தெரியவந்தது. தொலைநோக்கி மாறவில்லை, மலையும் மாறவில்லை, விளக்குகள் மட்டுமே மாறின. இதனைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுவதின்று.

போர் முடிந்தது, விளக்குகள் மீண்டன. 1948ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற 200 அங்குலத் தொலைநோக்கி வில்சன் மலையிலன்றி, தூரத்திலுள்ள பலோமர் மலையிலே அமைக்கப்பட்டது. ஹபிள் பயன்படுத்திய 100 அங்குலத் தொலைநோக்கி 1985ஆம் ஆண்டில் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. தலைநகர் வாஷிங்டனில் இருந்த கடற்படை வானாய்வு நிலையமும் நகரொளிக்குத் தோற்றுத் தன் 40 அங்குலத் தொலைநோக்கியை 1955ஆம் ஆண்டில் இடம்மாற்றிற்று. அது சென்று சேர்ந்த இடம் பிளாக்ஸ்டாஃப்.

ஒளியிலிருந்து ஓடி வந்தவர்களுக்குப் புகலிடமளித்த அந்நகரும் வளர்ந்துகொண்டே இருந்தது. புதிய கடைகள் தம் வணிகத்தை விளம்பரஞ் செய்யும்பொருட்டு, வானைத் துழாவும் தேடொளி விளக்குகளை இரவிலே எரிக்கும் வழக்கம் அந்நாட்டிற் பரவியிருந்தது. அத்தகைய ஒரேயொரு கற்றை வானாய்வாளரின் ஓரிரவு உழைப்பை வீணாக்கப் போதுமானது. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிளாக்ஸ்டாஃப் நகரசபை, வணிகத் தேடொளி விளக்குகளை நகர எல்லைக்குள் தடைசெய்து, 400ஆம் இலக்க விதியை நிறைவேற்றிற்று. இரவு வானைக் காக்கும் நோக்குடன் ஒரு நகரம் இயற்றிய முதற் சட்டமாக இஃது போற்றப்படுகின்றது.

அச்சட்டத்தின் சிறப்பு அதன் கடுமையிலன்று, அது பிறந்த காலத்திலே உள்ளது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கே ஏறக்குறைய 18,000 மக்களே வாழ்ந்தனர். வானம் அப்பொழுதும் இருண்டே கிடந்தது. இழந்தபின் மீட்பதற்காக அன்றி, இழவாமற் காப்பதற்காகவே அந்நகரத்தார் விதி செய்தனர். வில்சன் மலை அடிவாரத்து மாநகருக்குக் கிட்டாத முன்னறிவு அச்சிறு நகரத்துக்குக் கிட்டியது.

விளக்கொளி வானைக் கெடுக்கும் முறையையும் சுருக்கமாக அறிதல் நன்று. வீதியிலே விழவேண்டிய ஒளியில் ஒரு பகுதி பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் தப்பிச் செல்கின்றது. காற்றிலுள்ள மூலக்கூறுகளும் தூசும் நீர்த்துளிகளும் அதனைச் சிதறடித்துக் கீழே திருப்புகின்றன. வானம் முழுவதும் வெண்திரை விரித்தாற்போல் ஆகின்றது. கிடையாகத் தப்பும் ஒளி காற்றினூடே நெடுந்தூரம் செல்வதால், தொலைவிலுள்ள வானையும் கெடுக்கின்றது. நீலம் கலந்த ஒளி, மஞ்சளொளியினும் மிகுதியாகச் சிதறுகின்றது. ஆதலின் பரிகாரமும் எளிது: விளக்குக்கு மேல்மூடியிட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்புதல், தேவையான அளவே ஏற்றுதல், தேவையற்ற வேளையில் அணைத்தல், நீலத்தைத் தவிர்த்து மஞ்சளை ஏற்றல். தாழமுக்கச் சோடிய விளக்கு ஒரே வகை மஞ்சளொளியைத் தருவதால், வானியலாளர் அவ்வொரு நிறத்தை மட்டும் வடிகட்டி நீக்கிவிட இயன்றது. அதுபற்றியே பிளாக்ஸ்டாஃப் அதனை விரும்பி ஏற்றது.

காவலின் பயன் விரைவிலே விளைந்தது. 1960ஆம் ஆண்டுகளில், சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் முயற்சிக்கு வேண்டிய படங்களுட் பல அந்நகரத்துத் தொலைநோக்கியின் துணையுடன் வரையப்பட்டன. 1978ஆம் ஆண்டில், கடற்படை நிலையத்தின் 61 அங்குலத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட படத்தகடுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கிறிஸ்ரி என்பார், புளூட்டோவின் உருவத்திலே சிறு புடைப்பொன்றைக் கண்டார். அது கறோன் எனப் பெயர்பெற்ற துணைக்கோள் என்பது தெளிவாயிற்று. புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டு நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின், அதே ஊரின் வானத்தின் கீழ், அதன் துணையும் வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகர் வளர்ந்தது, வானமோ கெடவில்லை.

1989ஆம் ஆண்டில் நகரமும் அதனைச் சூழ்ந்த கொக்கொனீனோ மாவட்டமும் மேலும் ஒரு படி முன்னேறின. ஒவ்வொரு விளக்கின் அமைப்பை மட்டுமன்றி, ஓர் ஏக்கர் நிலத்திலே எரிக்கத்தக்க ஒளியின் மொத்த அளவையும் வரையறுத்தன. வானாய்வு நிலையங்களுக்கு அண்மையில் அவ்வளவு குறைவாகவும், வணிகப் பகுதிகளிற் கூடுதலாகவும் வகுக்கப்பட்டது. வாழ்க்கையும் வணிகமும் தடைப்படாமல், வானமும் காக்கப்பட வேண்டும் என்னும் நடுநிலை அவ்விதியிலே காணப்படுகின்றது.

விளக்கைக் குறைத்தால் களவும் விபத்தும் பெருகுமே என அஞ்சுவோர் எந்நாட்டிலும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கண்ணைக் கூசச்செய்யும் விளக்கு, தன்னைச் சுற்றியுள்ள நிழலை மேலும் கருமையாக்குகின்றது. மூடியிட்ட விளக்கோ, வீதியிலே விழவேண்டிய ஒளியை வீதிக்கே தருகின்றது. வீணாகும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகின்றது. பிளாக்ஸ்டாஃப் மக்கள் இருளிலே வாழவில்லை. தம் வீதிகளுக்கு ஒளியேற்றினர். வானத்துக்கு மட்டும் ஏற்றவில்லை.

1988ஆம் ஆண்டில் அரிசோனாவிலே தோன்றிய சர்வதேச இருள்வானச் சங்கம், 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிளாக்ஸ்டாஃப் நகருக்கு உலகின் முதலாவது சர்வதேச இருள்வான நகரம் என்னும் சிறப்பை வழங்கிற்று. அதன்பின் வேறு பல ஊர்களும் தீவுகளும் பூங்காக்களும் அவ்வழியே வந்தன. ஆங்கிலக் கால்வாயிலுள்ள சார்க் என்னும் சிறு தீவு 2011ஆம் ஆண்டிலும், நியூசிலாந்தின் மக்கென்சி வடிநிலம் 2012ஆம் ஆண்டிலும் அத்தகைய சிறப்பைப் பெற்றன. இந்தியாவின் லடாக் பகுதியிலுள்ள ஹன்லே 2022ஆம் ஆண்டில் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் ஒருமுறை வென்ற போர் என்றென்றைக்கும் வென்றதாகாது. சோடிய விளக்குகளின் உற்பத்தி நின்றுபோக, அவற்றின் இடத்துக்கு வந்த வெண்ணிற மின்னணு விளக்குகள் உலகெங்கும் வீதிகளை நீலங் கலந்த ஒளியால் நிரப்பின. மலிவானவை, மின்சாரத்தைச் சிக்கனஞ் செய்பவை என்பதால் அவற்றை மறுத்தல் எளிதன்று. பிளாக்ஸ்டாஃப் நகரசபையோ அவ்வகையிலேயே நீலமற்ற அம்பர் நிற விளக்குகளைத் தேடிச் சோதித்து ஏற்றது. கருவி மாறிற்று, கொள்கை மாறவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரத்து மக்கள் ஏறக்குறைய 77,000 பேர். 1960ஆம் ஆண்டிலிருந்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல். ஆயினும் மேகமும் நிலவுமற்ற இரவிலே, அந்நகர எல்லைக்குள் நின்றே பால்வீதியைக் காணலாம்.

ஆறு கெட்டால் அதனைத் தூய்மையாக்கப் பல்லாண்டு செல்லும். காடு அழிந்தால் அது மீளத் தலைமுறைகள் கழியும். வானமோ விளக்கைத் திருப்பிய அன்றிரவே மீள்கின்றது. வில்சன் மலையிலே போர் அதனை மெய்ப்பித்தது. பிளாக்ஸ்டாஃபிலே சமாதானம் அதனை மெய்ப்பித்தது. பெருந்தொலைநோக்கியை வாங்கச் செல்வர் வேண்டும். அதற்கு மேலுள்ள வானைக் காக்க வேண்டுவது, அயலவர் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் உடன்பாடு ஒன்றே. அவ்வுடன்பாட்டுக்கு உட்படாத சிற்றூர் எதுவுமில்லை. முற்றத்து விளக்கைத் தரைநோக்கித் திருப்பும் எந்தக் குடும்பமும் அதிற் பங்குகொள்ளலாம்.