குழவி நின்றது, கல் சுற்றியது

உணவுத் தொழில்நுட்பம் என்றால் பத்திரிகைகளில் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயுமாகப் படம் போடுகிறார்கள். கோவையில் கிரைண்டர் பட்டறையிலேயே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எங்கள் பக்கம் அது லேத்துக்குப் பக்கத்தில், கிரீஸ் கையோடு நடந்த வேலை.

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். வலது கை குழவியை ஆட்ட, இடது கை ஓரத்தில் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளியபடி இருக்கும். இதற்கு மோட்டார் வைக்கச் சொன்னால் குழவியைத்தான் யாரும் முதலில் சுற்ற நினைப்பார்கள். கோவையில் 1955-இல் பி. சபாபதி முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். அதன்பின் வீடுகளில் நிலைத்த முறை நேர்மாறானது: குழவியைக் கம்பியில் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லையே டிரம்மோடு சுற்றவிட்டார்கள். மாவு தானாகவே குழவிக்கு அடியில் வந்து சேர்ந்தது. இடது கையின் வேலையை ஒரு தள்ளுகட்டை பார்த்துக்கொண்டது.

இது கோவையில் நடந்ததற்குக் காரணம் உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். பஞ்சாலைகளை நம்பி வார்ப்படப் பட்டறைகள் பெருகின. கல்லுக்கு ஊத்துக்குளி பக்கத்திலேயே இருந்தது.

1963-இல் இரண்டு காரியம் நடந்தது. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியைத் தொடங்கினார். இங்கே ஆர். துரைசாமி கவிழ்க்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். மிக்ஸியைப் பார்த்து எங்கள் ஆட்கள் பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை. பிளேடு பல ஆயிரம் சுற்றுச் சுற்றினால் சூடு ஏறும், மாவுக்கு அது ஆகாது. உளுந்தின் புரதமும் வழவழப்பும் சேர்ந்து காற்றைப் பிடித்துவைத்தால்தான் மாவு பொங்கும், இட்லி எழும். சட்னிக்கு மிக்ஸி, மாவுக்குக் கல் என்று பெண்களே பிரித்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் கவிழ்க்கும் கிரைண்டர்தான் பெரிய காரியம். அதற்கு முன் அரைப்பது சுலபம், அள்ளுவது நரகம். குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து, மாவையும் பிறகு கழுவிய தண்ணீரையும் கையாலேயே வழிக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

பழுது பெரும்பாலும் நடுத்தண்டில்தான். புஷ் தேய்ந்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பேரிங்கைத் தின்னும். எண்ணெய் மேலே ஏறும். ஒரு ஆத்தா மாவை என் மூக்கருகே நீட்டி, “ஏந் தம்பி, மெஷின் வாசம் அடிக்குது, இதைச் சாமிக்கு எப்படிப் படைக்கறது?” என்று கேட்டார். புஷ்ஷை மாற்றிக் கொடுத்தேன். காசு கேட்க வாய் வரவில்லை.

பிறகு எல்ஜி தொழில் குடும்பத்து எல்.ஜி. வரதராஜ் கூம்பு வடிவக் கற்களை வைத்து மேசைமேல் வைக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். வாடகை வீடு மாறுகிறவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். 2011 தேர்தலில் தி.மு.க. மிக்ஸி அல்லது கிரைண்டர் இலவசம் என்றது, அ.தி.மு.க. இரண்டும் தந்து, மின்விசிறியும் தருவோம் என்றது. வென்று கொடுக்கவும் செய்தது. ஓட்டுக்கு லஞ்சம் என்று கேலி செய்தவர்களில் உளுந்து ஆட்டியவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

இப்போது மாவே பாக்கெட்டில் வருகிறது. வீட்டு கிரைண்டர்கள் பரணுக்குப் போகின்றன. ஆனால் தெருமுனை மாவுக் கடைக்குள் எட்டிப் பாருங்கள்: அதே பழைய கவிழ்க்கும் கிரைண்டர், இன்னும் பெரிதாக. நாள் முழுக்க ஓடுவதால் கல் சீக்கிரம் வழவழத்துவிடுகிறது. கொத்துப் போட ஆள் கேட்டு எனக்குப் போன் வருவதெல்லாம் அங்கிருந்துதான்.