தொலைவும் கிளையும்: திராவிட மொழிக் குடிமர ஆய்வில் கணிதம்

இரு மொழிகளின் அடிப்படைச் சொற்களுள் வேறுபட்டவற்றை எண்ணி, அவ்வெண்ணைத் தொலைவாகக் கொண்டு பிரிவுக் காலத்தைக் கணிக்கும் முறையை மாரிஸ் சுவாதேசு 1950களில் வகுத்தார். 1964இல் ஆந்திரனோவ் அதனைத் திராவிட மொழிகளுக்குப் பொருத்தினார். எல்லா மொழியும் ஒரே வேகத்தில் சொல்லிழக்கும் என்பது அதன் அடித்தளம். அதுவே அதன் குறையும் ஆயிற்று. மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் டேவிட் சாங்கோவ் 1969இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, மொழிமாற்றத்தை நிகழ்தகவுச் செயல்முறையாக ஆராய்ந்தது.

தொலைவுகள் மரவடிவில் அமைய நிபந்தனை ஒன்று உண்டு. நான்கு மொழிகளை இரண்டிரண்டாக இணைக்கும் வழிகள் மூன்று. ஒவ்வொரு வழியிலும் இரு தொலைவுகளைக் கூட்டினால், பெரிய கூட்டுத்தொகைகள் இரண்டும் சமமாதல் வேண்டும். இதற்கு ஒரே வேகம் தேவையில்லை. ஆயின் அண்டை மொழிகள் சொற்கடன் கொள்ளுங்கால் தொலைவு குறுகிச் சமன்பாடு குலையும். கடனையும் உறவையும் தொலைவெண் மட்டும் பிரித்துக் காட்டாது.

1983இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் மோசஸ், டான்ஃபோர்த் ஆகிய இருவரும் தொலைவை விடுத்து, ஒலிமாற்றம் அடையாத இனச்சொற்களைச் சான்றாக்கினர். கோண்டி, கொண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா எனும் ஆறு மொழிகளுக்கு இயலும் 945 மரங்களை அச்சான்று கொண்டு மதிப்பிட்டனர். எண்ணுதல் கணிதத்தின் பணி. எண்ணத்தக்கது எது எனத் தெரிவது ஒப்பிலக்கணத்தின் பணி.